34 நாள் காலாவதியான சி-7 உரிமம்: செய்த வேலைக்குப் பணம் வருமா?

கலிபோர்னியாவில் குறைமின்னழுத்த வேலைகளுக்கான சி-7 ஒப்பந்ததாரர் உரிமம் உங்களிடம் இருக்கிறது. வீடு மாறியதில் புதுப்பிப்புப் படிவம் கைக்கு வந்து சேரவில்லை. உரிமம் காலாவதியாகி 34 நாள் ஓடிவிட்டது. மறுபடியும் தேர்வு எழுத வேண்டுமா, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பல் மருத்துவமனைக்குக் கேமராவும் நெட்வொர்க் கேபிளும் போடும் 38,000 டாலர் வேலை பாதியில் நிற்கிறது. 15,000 டாலர் வந்துவிட்டது. மீதி பில்லை அவர்களுடைய கணக்காளர், உரிமம் செல்லுபடியாகவில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார். நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்வும் கட்டணமும் சின்ன விஷயம். அந்த 34 நாளில் செய்த வேலை சட்டத்தின் கண்ணில் உரிமத்தோடு செய்த வேலையா, இல்லையா என்பதில்தான் உங்கள் 38,000 டாலரும் இருக்கிறது.

நான் 19 ஆண்டுகளாக இதே மாநிலத்தில் இதே சி-7 உரிமத்தில் தொழில் செய்கிறேன். ஒன்பது முறை புதுப்பித்திருக்கிறேன். அதில் ஒரு முறை வழுக்கியும் விழுந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. படிவம், பத்திரம், காப்பீடு இவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிச் செயல்படலாம். மருத்துவமனையோடு வழக்கு என்று வந்தால், கட்டுமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுவோம். தேர்வு வேண்டாம். காலாவதியான நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் புதுப்பிக்கிறவர் தேர்வு எழுதத் தேவையில்லை. 5 ஆண்டு தாண்டினால்தான் பழைய உரிமம் செத்துப்போய், புது விண்ணப்பம் போட வேண்டிவரும். கட்டணத்தைப் பொறுத்தவரை, 2022 முதல் உள்ள விகிதப்படி, தனி உரிமையாளருக்கு 2 ஆண்டுக்கான புதுப்பிப்பு 450 டாலர். நிறுவனமாகவோ கூட்டாகவோ பதிந்திருந்தால் 700 டாலர். தாமதக் கட்டணம் அதில் பாதி. ஆக, நீங்கள் தனி உரிமையாளர் என்றால் மொத்தம் 675 டாலர். அனுப்புவதற்கு முன்பு சாக்ரமெண்டோவில் உள்ள மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் இணையதளத்தில் தொகையை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் குறைந்தாலும் படிவம் திரும்பி வரும். தனி உரிமையாளர் அந்தத் தளத்திலேயே புதுப்பிக்கவும் முடியும்.

இப்போது அந்த 34 நாள். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதுவும் உறுதியான செய்தி. கலிபோர்னியாவின் தொழில், வணிகச் சட்டத் தொகுப்பில் 7141.5 என்ற பிரிவு, காலாவதியான 90 நாளுக்குள் முழுமையான விண்ணப்பத்தையும் புதுப்பிப்புக் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் அனுப்பினால், மற்றபடி தகுதியுள்ளவருக்கு உரிமத்தை முன்தேதியிட்டுப் புதுப்பித்துத் தர வேண்டும் என்கிறது. முன்தேதியிட்டு என்றால் இடையில் ஒரு நாள்கூட விடுபடாமல் என்று பொருள். அஞ்சலில் அனுப்பினால், 90 நாளுக்குள் விழுந்த அஞ்சல் முத்திரை போதும். உங்களுக்கு இன்னும் 56 நாள் மிச்சமிருக்கிறது. 91-ஆம் நாள் அனுப்பினாலும் புதுப்பித்துத் தருவார்கள். ஆனால் ஏற்றுக்கொள்ளும் நாளிலிருந்துதான் உயிர் வரும். நடுவில் விழுந்த இடைவெளி நிரந்தரமாக உங்கள் உரிம வரலாற்றில் நிற்கும்.

56 நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அந்தப் பிரிவில் நான் இரண்டு சொற்களின் கீழ் கோடு போடுவேன்: “முழுமையான”, “மற்றபடி தகுதியுள்ள”. முதலாவதில் பலர் விழுகிறார்கள். நிறுவனமாக இருந்தால் தகுதிதாரர், அதாவது தேர்வு எழுதி உரிமத்தைத் தாங்கி நிற்கிறவர், கையொப்பமிட வேண்டும். அதிகாரி ஒருவரும் கையொப்பமிட வேண்டும். இருவரும் ஒரே ஆள் என்றாலும் கேட்ட இடங்களிலெல்லாம் கையொப்பம் இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று குறிக்காமல் விட்டாலும் திரும்பி வரும். அஞ்சலில் போய், அங்கே வரிசையில் கிடந்து, குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பி வருவதற்குள் நாட்கள் பறந்துவிடும். ஆகவே இன்றைக்கே அனுப்புங்கள். முகவரி மாற்றத்தையும் கையோடு தெரிவியுங்கள். முகவரி மாறிய 90 நாளுக்குள் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது தனி விதி. காலாவதிக்குச் சுமார் 60 நாள் முன்பு அவர்கள் அனுப்பும் படிவம் பழைய வீட்டுக்குப் போனது உங்கள் பொறுப்பாகத்தான் கருதப்படும்.

“மற்றபடி தகுதியுள்ள” என்பது இன்னும் கடினம். புதுப்பிப்பு ஒரு தூண் மட்டுமே. பிணையப் பத்திரம் (உங்களால் மற்றவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு தருவதாக ஒரு பிணை நிறுவனம் எழுதித் தரும் உத்தரவாதம்), தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, தகுதிதாரர் என்று இன்னும் மூன்று தூண்கள் இருக்கின்றன. இவற்றில் எது சாய்ந்தாலும் உரிமம் இடைநிறுத்தமாகிவிடும், காலாவதித் தேதி எதிர்காலத்தில் இருந்தாலும்கூட. பிணையப் பத்திரத் தொகை 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலர். அது நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பணமல்ல. ஒரு பிணை நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் அவர்கள் பத்திரம் தருவார்கள். சந்தா கட்டத் தவறினால் அவர்கள் வாரியத்துக்கு அறிவித்துப் பத்திரத்தை ரத்து செய்துவிடுவார்கள். நான் வழுக்கிய இடம் இதுதான். சந்தா பில் நான் பயன்படுத்தாமல் விட்ட ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உரிம அட்டையில் தேதி இன்னும் 14 மாதம் இருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு பொது ஒப்பந்ததாரர் என் எண்ணை வாரியத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, “நீங்கள் இடைநிறுத்தத்தில் இருக்கிறீர்கள்” என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. பத்திரம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரியத்தின் கைக்குச் சேர்ந்தால், அந்த நடைமுறைத் தேதியிலிருந்தே ஏற்றுக்கொள்வார்கள். பழைய பத்திரம் முடிந்த நாளிலேயே தொடங்கும்படி புதிய பத்திரம் எழுதித் தரப் பிணை நிறுவனம் ஒப்புக்கொண்டதால் நான் தப்பித்தேன். அன்று முதல் மாதம் ஒரு முறை என் எண்ணை நானே அந்தத் தளத்தில் தேடிப் பார்க்கிறேன். 2 நிமிடம்கூட ஆகாது.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது. கேள்வியின் நடுவில், “எனக்கு ஊழியர்கள் கிடையாது, கேபிள் இழுக்க இரண்டு பேர் உதவிக்கு வருவார்கள், நாள் கணக்கில் பணமாகக் கொடுத்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வாரியத்தில், “எனக்கு ஊழியர் இல்லை, ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தேவையில்லை” என்ற விலக்கு அறிக்கையைத்தான் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். புதுப்பிப்புப் படிவம் அந்த விலக்கை மறுபடி உறுதிசெய்யச் சொல்லும். அங்கே நீங்கள் கையொப்பமிடப்போவது பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்ட வாக்குமூலம். அதை அவசரத்தில் கையொப்பமிட்டுவிடாதீர்கள்.

அந்த இருவரும் சட்டப்படி ஊழியர்களா? அவர்களிடம் சொந்தமாக ஒப்பந்ததாரர் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்கிறவரை, வேலைக்கு அமர்த்தியவரின் ஊழியர் என்றே கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 2750.5 பிரிவு பார்க்கிறது. “அவர்கள் சுயதொழில் செய்பவர்கள்” என்ற விளக்கம் அங்கே நிற்பது மிகக் கடினம். ஊழியர் இருந்தும் காப்பீடு எடுக்காமல் இருந்தால் உரிமம் தானாகவே இடைநிறுத்தமாகிவிடும் என்கிறது 7125.2 பிரிவு. “தானாகவே” என்ற சொல்லைக் கவனியுங்கள். வாரியம் கடிதம் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. தளத்தில் உங்கள் எண் செல்லுபடி என்று காட்டிக்கொண்டிருந்தாலும், நீதிமன்றம் பின்னோக்கிப் பார்த்து, அன்றே இடைநிறுத்தம்தான் என்று சொல்ல முடியும். ரைட் எதிர் ஐசக் என்ற 2007-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அதுதான் நடந்தது. அந்த ஒப்பந்ததாரரிடம் காப்பீடு இருந்தது. ஆனால் கூலிக் கணக்கைக் குறைத்துக் காட்டியிருந்தார். அதனால் உண்மையில் காப்பீடு இல்லாதவர், ஆகவே உரிமம் இல்லாதவர் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. தன் வேலைக்கு அவரால் பணம் கேட்க முடியவில்லை.

பணம் கேட்க முடியவில்லை என்பதன் அடிப்படை 7031 என்ற பிரிவு. கலிபோர்னியாவில் கைத்தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். வேலை நடந்த காலத்தில் ஒரு நாளாவது முறையான உரிமம் இல்லாமல் இருந்தவர் தன் கூலிக்காக வழக்குத் தொடர முடியாது. வேலை நன்றாக இருந்தது, பொருள் வாங்கிப் போட்டேன், வாடிக்கையாளர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்ற எந்த நியாயமும் எடுபடாது. அதோடு முடிவதில்லை, ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் வாடிக்கையாளர் திருப்பிக் கேட்கலாம். 2005-இல் எம்.டபிள்யூ. எரெக்டர்ஸ் வழக்கில் கூலிக்காக வழக்குத் தொடர முடியாது என்ற விதி எவ்வளவு கடுமையானது என்பதை மாநில உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த நிறுவனம் அனஹைமில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு எஃகுச் சட்டகம் நிறுத்தும் துணை ஒப்பந்தம் எடுத்தது. வேலை தொடங்கியபோது அதற்குரிய உரிமம் இல்லை, பிறகு வந்தது. உரிமம் வந்த பின் செய்த பகுதிக்காவது கூலி கொடுங்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையின் எந்த ஒரு கட்டத்தில் உரிமம் இல்லாமல் இருந்தாலும் முழு வேலைக்குமே வழக்குத் தொடர முடியாது என்று சொன்னது. உங்களுக்கு இதன் பொருள்: முன்தேதியிட்ட புதுப்பிப்பு தவறினாலோ, காப்பீட்டு விஷயத்தில் சிக்கினாலோ, அந்த 34 நாளுக்கான கூலி மட்டும் ஆபத்தில் இல்லை. பாக்கியிருக்கும் 23,000 டாலரும், வாங்கிவிட்ட 15,000 டாலரும் சேர்ந்தே தராசில் இருக்கின்றன.

நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டவருக்கு ஒரு சிறு கதவு அதே பிரிவில் திறந்திருக்கிறது. முன்பே உரிமம் பெற்றிருந்தார், அதைக் காப்பாற்ற நியாயமாக முயன்றார், குறை தெரிந்ததும் தாமதிக்காமல் சரிசெய்தார் என்று நிரூபித்தால் நீதிமன்றம் அவரை உரிமம் உள்ளவராகக் கருதலாம். இது நிச்சயமில்லாத கதவு. நீதிபதிக்கு நீதிபதி மாறும். ஆனால் “குறை தெரிந்ததும் தாமதிக்காமல்” என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்த தேதி, படிவம் அனுப்பிய தேதி, அஞ்சல் ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மருத்துவமனையில் இன்றோடு கருவியைக் கீழே வைப்பேன். முன்தேதியிட்ட புதுப்பிப்பு கையில் வரும் வரை ஒரு கேமராகூட மாட்ட மாட்டேன், புதிய வேலைக்கு விலையும் சொல்ல மாட்டேன். காலாவதியான உரிமத்தோடு வேலை செய்வது தண்டனைக்குரிய குற்றம். தெரியாமல் செய்த 34 நாளும் தெரிந்தே செய்யும் 35-ஆவது நாளும் ஒன்றல்ல. காப்பீட்டு முகவர் ஒருவரை அழைத்து, இரண்டு உதவியாளர்களுக்கும் சேர்த்துத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பேன். புதுப்பிப்புப் படிவத்தில் விலக்கைக் குறிக்காமல் காப்பீட்டுச் சான்றை இணைப்பேன். காப்பீடு எடுப்பதற்கு முந்தைய நாட்களை என்ன செய்வது, அவற்றைப் பற்றி யாரிடம் எந்த அளவு சொல்வது என்பதுதான் அந்த ஒரு மணி நேர வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நான் பதில் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சாகிவிடும். அந்த இருவரில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொண்டால் அவர் குடும்பம் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப்பாருங்கள். காப்பீடு இருப்பது முதலில் அவர்களுக்காகத்தான்.

பணி எல்லையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் லோ வோல்டேஜ் என்றால் மாலையில் மங்கி எரியும் பல்புதான் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரு தொழிலின் பெயர். சி-7 உரிமத்தின் எல்லை 91 வோல்ட்: தொலைபேசி, ஒலி அமைப்பு, கேபிள் தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, டிஷ் ஆன்டெனா, வெப்பநிலைக் கட்டுப்பாடு, தோட்ட விளக்கு போன்றவை. தீ எச்சரிக்கை அமைப்பு 24 வோல்ட்டில் ஓடினாலும் அது சி-7-இல் அடங்காது என்று விதியே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது; அதற்கு மின் ஒப்பந்ததாரருக்கான சி-10 வேண்டும். மருத்துவமனைக்காரர், “அப்படியே இந்தப் புகை உணர்வியையும் இணைத்துவிடுங்கள்” என்று கேட்டிருந்தால், அல்லது கேமராவுக்கு 120 வோல்ட் பிளக் ஒன்றை நீங்களே புதிதாக வயரிங் செய்திருந்தால், அது தனிச் சிக்கல். 7031 கேட்பது “முறையான” உரிமம், அதாவது அந்த வேலைக்கு உரிய வகை. திருட்டு எச்சரிக்கை அமைப்பு விற்று நிறுவுகிறவருக்கு ஒப்பந்ததாரர் வாரியத்தின் உரிமம் போதாது. பாதுகாப்பு, புலனாய்வுச் சேவைகளுக்கான மாநிலப் பணியகம் தரும் உரிமம் தனியாக வேண்டும். அதன் காலாவதி வேறு. அரசுப் பள்ளி, நூலகம் போன்ற பொதுப்பணி எடுத்தால் தொழிலுறவுத் துறையில் பதிவு வேண்டும். அது ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். நகராட்சியின் வணிக வரிப் பதிவு இன்னொன்று. ஒன்றின் தேதியை நினைவில் வைத்திருந்தால் மற்றதும் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்; ஒரே தாளில் நான்கு தேதியையும் எழுதி வண்டியின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவையுங்கள்.

இங்கே புதுப்பிக்கத் தொடர்கல்வி வகுப்பு எதுவும் கிடையாது. ஜார்ஜியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் உள்ள நண்பர்கள் வகுப்பு மணிநேரம் காட்ட வேண்டியிருக்கும். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டாலும் நம்மவர்களுக்குப் பயன்படும் ஒன்று: பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் ஓராண்டு, ஈராண்டு தங்க நேர்ந்தால், உரிமத்தைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். செயலற்ற நிலைக்கு மாற்றிவிட்டுப் போகலாம். அது 4 ஆண்டு நிற்கும், பிணையப் பத்திரமும் தேவையில்லை. அந்தக் காலத்தில் வேலை எடுக்கவும் விலை சொல்லவும் கூடாது, அவ்வளவுதான்.

இனி அந்தக் கணக்காளர். அவர் மேல் கோபப்பட வேண்டாம்; அவர் செய்தது சரி. அவருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். உரிமம் இன்ன தேதியில் காலாவதியானது, இன்ன தேதியில் 7141.5-இன்படி புதுப்பிப்பு அனுப்பியிருக்கிறேன், அது வரும் வரை வேலையை நிறுத்தியிருக்கிறேன் என்று உண்மையை மட்டும் எழுதுங்கள். வழக்கு, மிரட்டல் என்று எதுவும் வேண்டாம். புதுப்பிப்பு வந்ததும் வாரியத்திடம் உரிம வரலாற்றுக்கான சான்றளிக்கப்பட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடந்த காலம் முழுவதும் உரிமம் இருந்தது என்பதற்கு நீதிமன்றமே ஏற்கும் சான்று அதுதான். தளத்திலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் அந்த இடத்தில் நிற்காது. அதில் இடைவெளி எதுவும் இல்லை என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, ஒரு நகலை நிறுத்தி வைத்த பில்லோடு சேர்த்து அவருக்கு அனுப்புங்கள். அதன் பிறகே ஏணியை வண்டியில் ஏற்றுங்கள்.